பூஜைக்கு ஓய்வெடுத்த ரேடார்

கப்பலின் ரேடாருக்கு எது நெற்றி என்று மாமா வெகுநேரம் யோசித்தார். கையில் குழைத்த சந்தனம். திரையின் மேல் விளிம்பில் நடுவாக வைப்பதா, தயாரித்த கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும் இடத்தில் வைப்பதா என்பது அவருடைய குழப்பம். கடைசியில், கம்பெனிக்காரனுக்கு எதற்கு மரியாதை என்று முடிவு செய்து மேல் விளிம்பில் வைத்தார்.

நான் பக்கத்தில் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். கற்பூரம் இருந்தது, நெருப்பு இல்லை. எங்களுடையது டீசல் ஏற்றிச் செல்லும் டேங்கர். அதில் தீபாராதனை காட்டினால் சாமி எங்களைத் தேடி வரவேண்டியதில்லை, நாங்களே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே கொளுத்தாத கற்பூரத்தை மூன்று முறை சுற்றிக் காட்டினேன். பாதுகாப்பு விதிகளை அவ்வளவு தூரம் மதிக்கிறவர்கள் நாங்கள்.

அன்று ஆயுத பூஜை. காலையில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, மலாக்கா நீரிணையில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது. அது புகைமூட்டக் காலம். அக்கரையில், சுமத்ராவில், யாரோ காட்டைக் கொளுத்த, இக்கரையில் நாங்கள் இருமுகிற சில வாரங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வாரங்களில் எல்லோரும் காற்றுத்தர நிபுணர்கள். கைப்பேசியில் எண்ணைப் பார்த்து, நேற்றைவிட மோசம் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று சிகரெட் பிடிப்பார்கள்.

இருந்தாலும் அன்று காலையில் இரண்டு மூன்று மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது.

ஆயுத பூஜையன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. தையல்காரர் மெஷினை மூடி வைப்பார். லோரிக்காரர் லோரியைக் கழுவி நிறுத்துவார். கப்பலை அப்படி நடுக்கடலில் நிறுத்தி வைக்க முடியாது. இஞ்சினுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தால் கம்பெனி எங்களுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்துவிடும். ஆனால் பூஜை என்று ஒன்றைப் போட்டுவிட்டு எதற்குமே ஓய்வு இல்லை என்றால் அது என்ன பூஜை? எங்கள் கப்பலில் ரேடார் இரண்டு இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. அதில் ஒன்றுக்காவது ஓய்வு கொடுப்பது என்று மாமா தீர்மானித்தார்.

எதற்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. புதுசுக்குத்தான். விலை அதிகம், ஆகவே மரியாதையும் அதிகம். பொத்தானை அழுத்தி அதைத் தூங்க வைத்தார். அதன் முன்னால் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழமும் ஒரு பொரிப் பொட்டலமும் வைத்தார். நாளைக் காலை வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது என்று பொதுவாக அறிவித்தார். அவர் வீட்டில் வைஃபை மோடத்துக்கே பொட்டு வைத்து ஒருநாள் அணைத்துப் போடுகிறவர். அத்தை அன்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மிகவும் அன்பாகப் பேசுவார்.

அம்மாவின் நிபந்தனை

மாமா என்பது அம்மாவின் தம்பி. கிள்ளானில் வீடு, கடலில் வேலை. அந்தக் கப்பலுக்கு அவர் கேப்டன், நான் செகண்ட் ஆபீசர். கப்பலில் இருக்கும்போது அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு தடவை ரேடியோ திறந்திருக்கும்போது வாய் தவறி மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். அன்று எங்களைச் சுற்றி இருந்த கப்பல்களில் எத்தனை தமிழர்கள் வேலை பார்த்தார்கள் என்பது அவர்கள் சிரித்த சிரிப்பில் தெரிந்தது.

நான் பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் சத்தத்தில் வளர்ந்தவள். கடலைப் பார்த்ததெல்லாம் போர்ட் டிக்சனுக்குக் குடும்பத்தோடு போய்ப் புளிச்சாதம் சாப்பிட்டபோதுதான். கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் பெரிய கூட்டம் கூடியது. காஜாங்கிலிருந்து சித்தி வந்தார். கப்பலில் அத்தனை ஆம்பளைகளுக்கும் நானா சமைக்க வேண்டும் என்பது அவருடைய முதல் கேள்வி. இல்லை, சமையல்காரர் இருக்கிறார் என்றேன். அப்படியானால் நீ எதற்கு என்று கேட்டார். இன்று வரைக்கும் அவருக்குத் திருப்தியான பதிலை என்னால் தர முடியவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் கப்பல் சமையலறையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுச் சித்தி போன் செய்தார். கடைசியில் சமைக்கத்தானே போயிருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று கூட்டத்தில் அப்பா வழக்கம்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். போவதென்றால் மாமாவின் கப்பலில் மட்டும்தான் போக வேண்டும் என்றார்.

“அவன் கூட இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லே. ஆனா அவன் வாயிலேருந்து உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வந்துச்சுன்னா, அன்னைக்கே நீ கரையேறிடணும்.”

அரசாங்கம் பரீட்சை வைத்து எனக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தது. அதன்படி நான் உலகத்தில் எந்தக் கப்பலிலும் வேலை பார்க்கலாம். அம்மாவின் சான்றிதழ் அதைவிடக் கடுமையானது. கப்பல் கரையில் இருக்கும்போதெல்லாம் மாமா ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குச் சாப்பிட வருவார். அப்போது அம்மா என்னைப் பற்றி விசாரிப்பார். மாமா, பரவாயில்லை என்பார். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு நான் அடுத்த பயணத்துக்குக் கிளம்புவேன்.

அவர் என்றைக்காவது வேறு மாதிரி சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தயாராக இருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் டைல்ஸ் விற்கும் கம்பெனி ஒன்றில், சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக, எனக்கு ஓர் ஆபீஸ் வேலை பேசி வைத்திருந்தார்கள். நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று சித்தப்பா அவ்வப்போது ஞாபகப்படுத்துவார். தரையில் ஒட்டும் பொருளை விற்கும் வேலை, கடலுக்குப் போகிறவளுக்கு.

கண்ணில் விளக்கெண்ணெய்

இந்த இடத்தில் ரேடாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட நினைத்தேன். ஆனால் ஒரு வாசகர், ரேடாரில் மீன் தெரியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். தெரியாது, ஐயா.

ரேடார் சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் புள்ளிகளாகக் காட்டும். அந்தப் புள்ளி நம்மை இடிக்க வருகிறதா, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறதா என்பதை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாமா கடலுக்குப் போன புதிதில் மெழுகுப் பென்சிலால் திரையின் மேலேயே ஒரு குறி வைப்பார்களாம். சில நிமிடம் கழித்து இன்னொரு குறி. இரண்டையும் கோட்டால் சேர்த்தால் அது எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு கிட்டே வரும் என்று தெரிந்துவிடும். சில சமயம் கோடு போட்டு முடிப்பதற்குள் அந்தக் கப்பலே வந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கும் என்பார் மாமா.

பிறகு தானாகவே பின்தொடரும் ரேடார் வந்தது. கப்பல்காரர்கள் அதைச் செல்லமாக ஆர்ப்பா என்பார்கள். எங்கள் கப்பலின் இரண்டு ரேடாரும் அந்த வகைதான். ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினால் போதும். அதன்பிறகு அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தத் திசை, என்ன வேகம், நம்மை எவ்வளவு கிட்டே கடக்கும், இன்னும் எத்தனை நிமிடத்தில், எல்லாம் சொல்லும். நாம் குறித்துக் கொடுத்த தூரத்தைவிட யாராவது கிட்டே வருவதாக இருந்தால் அலாரம் அடிக்கும். எங்கள் சொந்தத்தில் கல்யாண விஷயங்களில் காஜாங் சித்தி இதே வேலையைத்தான் செய்கிறார், மின்சாரம் இல்லாமல்.

மாமா இந்த இயந்திரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மனிதன் தப்புக் கணக்குப் போடுவான், மெஷின் போடாது என்பார். அது உண்மைதான். நான் பார்த்த வரைக்கும் அது ஒரு தடவைகூடத் தப்புக் கணக்குப் போட்டதில்லை.

ஒரே ஒரு குறை, அலாரம். மலாக்கா நீரிணை சனிக்கிழமை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை மாதிரி. பெரிய கப்பல், சின்னக் கப்பல், மீன்பிடிப் படகு என்று எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் போகும். அங்கே அலாரத்தை நியாயமான தூரத்தில் வைத்தால் காலையில் ஆரம்பித்து மாலை வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கும். மாமாவுக்குச் சத்தம் ஆகாது. எனவே தூரத்தைக் குறைத்தார். ஒரு மைல் அரை மைல் ஆயிற்று, அரை மைல் கால் மைல் ஆயிற்று. கடைசியில் மோதுவதற்குச் சற்று முன்னால் சொன்னால் போதும் என்கிற அளவுக்கு வந்து நின்றது. அலாரம் அடங்கிப் போனது. கப்பல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார் என்று எனக்குக் காட்டினார்.

இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு உண்டு. கிள்ளானில் ஒரு மையத்தில், ஏர்கான் குளிரில் உட்கார வைத்து, திரையில் ஓடும் போலிக் கப்பலை ஓட்டச் சொல்வார்கள். நான் அங்கே இரண்டு தடவை மூழ்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் நேராக டீ குடிக்கப் போனோம். அலாரத்தை நம்பி உட்காராதே, புள்ளியைப் பார், புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசி என்று அந்த வகுப்பில் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார்கள். மாமாவும் அதே வகுப்புக்குப் போய் வந்தார். அங்கே சாப்பாட்டில் நாசி லெமாக் பிரமாதம் என்றார்.

இப்படியெல்லாம் எழுதுவதால் அவர் மோசமான கேப்டன் என்று நினைத்துவிட வேண்டாம். மழையிலும் காற்றிலும் அவர் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டு வந்து அணைக்கிற அழகைப் பார்க்கத்தான் நான் ஆரம்பத்தில் இந்த வேலையை விரும்பினேன். கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். என்னைக் கொஞ்சம் ஒல்லியாக எழுது என்றார்.

நடுவில் ராஜபாட்டை

மத்தியானக் காவல், கப்பல் பாஷையில் வாட்ச், என்னுடையது. பூஜைச் சாப்பாடு முடிந்து, சுண்டல் வாசனை இன்னும் கப்பலை ஓட்டும் அறையை விட்டுப் போகாத நேரம். புகை திடீரென்று இறங்கியது. முதலில் அடிவானம் போயிற்று. பிறகு பக்கத்தில் போய்க்கொண்டிருந்த கப்பல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எங்கள் கப்பலின் மூக்கே மங்கலாகத் தெரிந்தது. கதவை மூடியிருந்தும் கருகிய இலை வாசனை உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

வேகத்தைக் குறைத்தேன். சங்கு ஊத ஏற்பாடு செய்தேன். புகை இறங்கினால் கேப்டனைக் கூப்பிட வேண்டும் என்பது விதி, கூப்பிட்டேன். மாமா ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து தன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். சுக்கான் பிடித்து நின்றவர் அஸ்மான், பந்திங் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

பழைய ரேடாரில் வலது பக்கமாக இரண்டு புள்ளிகள் வந்தன. சுமத்ரா பக்கத்திலிருந்து எங்கள் பாதையைக் குறுக்கே கடக்கிற மாதிரி. முன்னால் சின்னது, பின்னால் பெரியது. இரண்டையும் தொட்டுக் காட்டினேன். இயந்திரம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணக்குச் சொன்னது. சின்னது எங்களுக்கு முன்னால் கடந்துவிடும். பெரியது எங்களுக்குப் பின்னால் கடக்கும். இரண்டுமே மாமா குறித்த தூரத்துக்கு வெளியே. ஆபத்தில்லை. அலாரம் வாயே திறக்கவில்லை.

மாமா எட்டிப் பார்த்தார். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன், நடுவில் நமக்கு ராஜபாட்டை என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. அந்த இரண்டு புள்ளிகளும் ஆமை வேகத்தில் வந்தன. இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே திசை. நான் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அவற்றுக்கு நடுவில் இருந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடலில் அறிமுகமில்லாத இரண்டு பேர் அப்படி நடக்க மாட்டார்கள்.

அந்த நீரிணையில் மணலும் நிலக்கரியும் ஏற்றிய மிதவைகளைச் சின்ன இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்துக்கொண்டு போவது வழக்கம். இழுவைக் கப்பலுக்கும் மிதவைக்கும் நடுவில் நீளமான இரும்புக் கயிறு இருக்கும். பாதி தண்ணீருக்கு மேலே, பாதி தண்ணீருக்குள்ளே. ரேடாருக்கு இழுக்கிறவன் தெரியும், இழுபடுகிறது தெரியும். கயிறு தெரியாது. அதன் கணக்கில் அவை இரண்டு தனிக் கப்பல்கள். நடுவில் தாராளமாக வழி இருக்கிறது, போகலாம்.

அந்த வழியில் போனால் கயிறு எங்கள் கப்பலின் மேல் மாட்டும். மாட்டியதும் பின்னால் வருகிற மிதவை அத்தனை பாரத்தோடும் எங்கள் விலாவில் வந்து மோதும். எங்கள் விலாவுக்குள் இருப்பது டீசல். முன்னால் போகிற இழுவைக் கப்பலைக் கயிறு பக்கவாட்டில் சுண்டிக் கவிழ்த்துவிடும். அதில் இருக்கும் ஆட்கள் புகைக்குள் யாருக்கும் தெரியாமல் போவார்கள்.

ரேடியோவில் ஆங்கிலத்திலும் மலாயிலும் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் பதிலுக்கு விசிலடித்தார். தன் பெயரையும் வேலையையும் மற்ற கப்பல்களுக்குத் தானாகச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதையும் அந்த இரண்டு புள்ளிகளில் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை. புதிய ரேடாரில் படம் இன்னும் தெளிவாகத் தெரியும், அதைப் போடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் அதிர்ந்துபோனார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைக்கு முன்னால் எடுப்பதாவது! நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். அது எங்களைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

“கேப்டன், அது ரெண்டு கப்பல் இல்லே. ஒண்ணு இன்னொண்ணைக் கட்டி இழுத்துட்டு வருது.”

“மெஷின் ரெண்டுன்னு சொல்லுது லா. தனித்தனியா நம்பர் போட்டுக் காட்டுது பாரு.”

“ரெண்டுக்கும் ஒரே ஸ்பீடு, ஒரே கோர்ஸ். நடுவுல கயிறு இருந்தா மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“கயிறு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அது நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. நான் அந்தக் கயிற்றைப் பார்க்கவில்லை. இரண்டு புள்ளிகள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் கப்பலைத் திருப்பி, புகைக்குள்ளிருந்து இரண்டு மீன்பிடிப் படகுகள் தனித்தனியாக வெளியே வந்தால், ஞாயிற்றுக்கிழமை மாமா பரவாயில்லை என்று சொல்ல மாட்டார். கேப்டனை மீறினாள் என்று சொல்வார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். டைல்ஸ் கம்பெனி நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது.

புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

கப்பலில் ஒரு விதி உண்டு. கேப்டன் பக்கத்தில் இருக்கிறார் என்பதாலேயே பொறுப்பு அவரிடம் போய்விடாது. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் காவலில் இருக்கிற ஆபீசர் சொல்வதுதான். மாமா வந்தார், உட்கார்ந்தார், ஏப்பம் விட்டார், ராஜபாட்டை என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நான் அஸ்மானிடம் திரும்பி, கப்பலை நன்றாக வலது பக்கம் திருப்பச் சொன்னேன். அப்படித் திருப்பினால் இரண்டு புள்ளிகளுக்கும் பின்னால் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

அஸ்மான் மாமாவைப் பார்த்தார். பாவம், அவர் வேறு என்ன செய்வார்?

“யாரு ஆர்டர் குடுக்கிறது?” என்றார் மாமா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வாட்ச் என்னோடது, கேப்டன். வேணும்னா நீங்க எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. நான் குடுத்துடறேன்.”

மாமாவின் வாய் திறந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அஸ்மான் நான் சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினார். கப்பலில் திருப்பிச் சொன்னால் ஏற்றுக்கொண்டாயிற்று என்று பொருள்.

மணலும் இரண்டு கொக்கும்

டேங்கர் திரும்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். எங்கள் சங்கு ஊதி ஓய்ந்த இடைவெளியில் வேறொரு சங்கு கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை. நான் எதையாவது கட்டி இழுத்துக்கொண்டு வருகிறேன், ஒதுங்கிக்கொள் என்று புகையில் சொல்கிற முறை அது.

பிறகு இடது பக்கம் புகை கறுத்தது. அந்தக் கறுப்பு மெல்ல ஒரு சுவராக ஆனது. மணல் குவித்த மிதவை, எங்கள் கப்பலில் பாதி நீளம் இருக்கும். அதில் ஆள் யாரும் இல்லை. மணல் மேட்டின் உச்சியில் இரண்டு கொக்குகள் ஓசியில் பயணம் செய்துகொண்டிருந்தன. மிதவையின் முன்பக்கத்திலிருந்து கயிறு இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. தள்ளி ஓர் இடத்தில் விறைத்து மேலே வந்து, தண்ணீரை உதறி, மறுபடி உள்ளே போயிற்று. அதை இழுக்கிறவன் கண்ணுக்கே தெரியவில்லை. நாங்கள் நேராகப் போயிருந்தால் எங்கே இருந்திருப்போம் என்பதைப் பார்க்க முடிந்தது. அங்கே வெறும் தண்ணீரும் புகையும் மட்டும் இருந்தன.

இயந்திரம் கடைசி வரைக்கும் அலாரம் அடிக்கவில்லை. அதன் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.

மாமா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மிதவை புகைக்குள் மறையும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராகப் புதிய ரேடாரிடம் போய், வாழைப்பழத்தையும் பொரியையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அதைப் போட்டார். பழைய ரேடாரின் அலாரத் தூரத்தைக் கூட்டினார். உடனே அது கத்த ஆரம்பித்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டார். பூஜை அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுவதும் அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மாமா கோபக்காரர் அல்ல. பேசாமல் இருப்பவரும் அல்ல. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாலுமி ஒருவர் முன்னால் அவரை மீறியிருக்கிறேன். கயிறு இருந்தது என்பது நியாயம். குடும்பத்தில் நியாயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்களுக்குத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறை

ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல வந்தார். வழக்கம்போலக் கையில் ஒரு பெட்டி லட்டு. அப்பாவுடன் உட்கார்ந்து டிவி பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போனார். அங்கே அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து, மடித்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து நியாயத்தை முதல் நாளே வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். விதி என்ன சொல்கிறது, வேகம் என்ன, திசை என்ன, எல்லாம் தயார்.

மாமாவின் குரல் கேட்டது.

“அக்கா, இனிமே இவளை என் கப்பல்ல அனுப்பாதே.”

கத்தி பலகையில் படும் சத்தம் நின்றது. மனப்பாடம் செய்ததில் முதல் வரிகூட ஞாபகம் வரவில்லை. என்ன செய்தாள் என்று அம்மா கேட்டார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது டைல்ஸ் கம்பெனி நாற்காலியை இழுத்துப் போடுகிற குரல்.

“அவ ஒண்ணும் செய்யலே. நான்தான் செய்யாம உக்காந்திருந்தேன். என் கூட இருந்தா அவளுக்குப் பயமில்லேன்னு நீ நெனைச்சுட்டு இருக்கே. அன்னைக்கு என் கூட இருந்ததுதான் அக்கா அவளுக்கு ஆபத்து.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஓய்வெடுத்த ரேடார், குறைத்து வைத்த அலாரம், இரண்டு புள்ளி, நான் திருப்பியது, கயிறு. எதையும் மறைக்கவில்லை. ராஜபாட்டை என்று சொன்னதைக்கூடச் சொன்னார். அவள் எந்தக் கப்பலிலும் போகலாம், எந்தக் கேப்டனிடமும் நான் பேசுகிறேன் என்றார். துணி என் மடியில் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்பா டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவர் எனக்குச் செய்த உதவிகளில் அது பெரியது.

வெளியே ஒரு மோனோரயில் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மகள் பிழைத்தாள், மகளுக்கு வேலை நிலைத்தது, இனி அம்மா நிம்மதியாகப் பயற்றங்காய் நறுக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

“சரி, அவ போயிடுவா,” என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. “அப்போ உன் கப்பல்ல உன்னை யாருடா பார்த்துக்குவா?”

நான் ஹாலில் உட்கார்ந்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, மாமாவுக்காகப் பயந்தேன்.